‘தோலாக்’ என்று ஒட்டியிருந்த கதவு

யாராவது விழுந்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கும். சொந்தக்காரர் கல்யாணத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கிப் பெரிய மாமா உட்கார்ந்த வாக்கிலேயே தரைக்குப் போனபோது, மண்டபத்தில் முதலில் கேட்டது என் சத்தம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது என்று யாரும் விட்டுவிடக்கூடிய வயதில்லை. என் கணவர் அன்று வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

கேட்டால் பழியைப் பழைய ஊமைப்படங்கள்மேல் போட்டுவிடுவேன். பத்து, பதினைந்து நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படங்கள். கிள்ளானில் நான் வளர்ந்த நாளில் டிவியில் ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இடம் நிரப்ப அவற்றைப் போடுவார்கள். இப்போது கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறது. நீளப் பலகையைத் தோளில் சுமந்து வருகிறவனை யாரோ கூப்பிடுவார்கள். திரும்புவான். பலகையின் பின்முனை போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டும். மன்னிப்புக் கேட்கத் திரும்புவான். முன்முனை வெள்ளையடிக்கிறவனை ஏணியோடு சாய்க்கும். சுண்ணாம்பு வாளி நேராக முதலாளி தலையில் கவிழும். அந்த நாயகன் எந்தப் படத்திலும் கெட்டவன் இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யப் பார்க்கிறவன்தான். விழுந்ததும் எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பான். அவன் எலும்பு முறிந்ததாகவோ கை வெந்ததாகவோ நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

எனக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கடை. பாஸ்போர்ட் படம், போட்டோஸ்டாட், ஸ்டிக்கர், கல்யாணக் கார்டு, கடைகளுக்கு மெனு கார்டு. கிள்ளானிலிருந்து காலையில் ரயிலேறி வந்து கடை திறந்தால் மதியம்வரை உட்கார நேரமிருக்காது. மூன்று மணிக்கு மேல் ஈ ஓட்டலாம். அந்த நேரத்தில்தான் கல்லாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து இந்தப் படங்களைப் பார்ப்பேன்.

போன வருடம் பழைய அலுமினியக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டோம். வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும் கதவு. வெளியிலிருந்து வருகிறவர் இழுக்க வேண்டும். உள்ளேயிருந்து போகிறவர் தள்ள வேண்டும். இந்த நாட்டில் எல்லாக் கடைக் கதவிலும் இருப்பதுபோல மலாயில், இங்கிலீஷ் எழுத்திலேயே, இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். ‘தோலாக்’ என்றால் தள்ளு. ‘தாரிக்’ என்றால் இழு. அவசரத்தில் இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டேன். இழுக்க வேண்டிய வெளிப்பக்கத்தில் ‘தோலாக்’ போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆபீஸ் மனிதர் வந்தார். தள்ளினார். கதவு அசையவில்லை. பின்வாங்கி எழுத்தைப் பார்த்தார். ‘தோலாக்’ என்றுதான் இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடியில் அவர் மூக்கு சப்பையாகிப் பரவியது. நான் கல்லாவுக்குக் கீழே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. ஸ்டிக்கர் அடிக்கும் மெஷின் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த நாளை ஆறு மாதம் வரவில்லை.

திருட்டுக்குப் பயந்து மாட்டிய காமெரா ஒன்று சுவரில் இருந்தது. கதவோடு மல்லுக்கட்டுகிறவர்களை அதிலிருந்து வெட்டி எடுப்பேன். நிறத்தை எடுத்துவிட்டு, ஓட்டத்தைக் கொஞ்சம் வேகமாக்கி, துள்ளலான பியானோ ஒன்றைச் சேர்த்தால் அசல் ஊமைப்படம். குடையோடு வந்த ஆன்டி, கோப்பு சுமந்த வக்கீல், நீ தள்ளு நான் தள்ளுகிறேன் என்று சண்டை போட்ட புதுப் பெண் மாப்பிள்ளை. எங்கள் அக்கா தங்கைகளின் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்றைய படம்’ என்று போடுவேன். ஒருநாள் போடாவிட்டாலும் கேட்பார்கள்.

அந்தக் கதவு ஏமாற்ற முடியாத ஒரே ஆள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மங்கு, அதாவது எச்சில் பாத்திரம், கழுவுகிறவர். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். தமிழ்ப் பேப்பரை என்னைவிட வேகமாக வாசிப்பார். இங்கிலீஷ் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிக்க வராது. மூன்று மணிக்கு எனக்கு டீ கொண்டு வருவார். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்து இழுப்பார்; கதவு திறந்துகொள்ளும். படித்தவர்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்க, படிக்கத் தெரியாதவர் ராஜா மாதிரி உள்ளே வருவார். இதையும் என் தங்கைகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கிடந்து விரலிடுக்கெல்லாம் தோல் வெந்து, வெடித்து, நகக்கண் பழுத்திருந்தது. கையுறை போட்டால் அரை மணியில் கிழிந்து உள்ளே தண்ணீர் தேங்கி இன்னும் மோசமாகும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னாராம். மங்கு கழுவுகிறவரிடம் சொல்கிற வைத்தியம் அது. டீயை வைக்கும்போது மடக்க முடியாத அந்த விரல்களைப் பார்த்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் அவர் தன் முதலாளியிடம், என்னை முன்பக்கம் ஆர்டர் எடுக்கப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி அவரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“அக்கா, எங்க மெனுவ அடிச்சது நீங்கதானே. இவருக்கு அதைப் படிக்க மட்டும் சொல்லிக் கொடுங்க லா. மலாய், இங்கிலீஷ் ரெண்டும் கலந்து கிடக்கு. முன்னுக்கு எனக்கும் ஆள் பத்தல. இவர் ரெடின்னு நீங்க சொன்னா மறுநாளே போட்டுடுறேன். மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா வேற ஆளப் பாக்கணும்.”

“சரி பாஸ், என் பொறுப்பு” என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

தினமும் மூன்றிலிருந்து மூன்றே கால்வரை பாடம். பழைய மெனு கார்டு, ஒரு நோட்டுப் புத்தகம். மலாய் அவருக்குப் பிடித்துப்போனது. எழுத்தைக் கூட்டினால் சத்தம் வந்துவிடுகிறது, இங்கிலீஷ் மாதிரி ஏமாற்றுவதில்லை என்பார். இரண்டு வாரத்தில் சோற்றுக்கு ‘நாசி’, கோழிக்கு ‘ஆயாம்’, மீனுக்கு ‘ஈக்கான்’ எல்லாம் திக்காமல் வந்தன. வழியில் பார்த்த பலகைகளை நோட்டில் படம் வரைவதுபோல வரைந்துகொண்டு வந்து அர்த்தம் கேட்பார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மாணவர். நானும் நல்ல வாத்தியார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, ‘திற’, ‘மூடு’, ‘உள்ளே’, ‘வெளியே’ என்று கடைகளில் இருக்கும் சொற்களை எழுதிக் கொடுத்தேன். கடைசியாகத் ‘தாரிக்’, ‘தோலாக்’.

“தாரிக் எனக்குத் தெரியும்க்கா. டீ ஆத்துறது” என்றார்.

“அது டீக்கு லா, தம்பி. தாரிக்னா இழு. டீய இழுத்து இழுத்து ஆத்துறாங்கல்ல, அதான் தே தாரிக்.”

“அப்ப ரெண்டு வருசமா நான் இழுத்த டீயத்தான் கொண்டாந்து குடுக்குறனா!” என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் புரையேறியது.

“தோலாக்?” என்று கேட்டார்.

“தள்ளு” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. இத்தனை நாள் கதவு ஏமாற்ற முடியாத மனிதர், நாளைக்கு வந்து அந்த எழுத்தைப் படிக்கப்போகிறார்.

நான் சொல்லியிருக்கலாம். தம்பி, என் கதவில் மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறது என்று ஒரு வரி. சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன், அது ஒட்டவில்லை. மறந்தவள் மறுநாள் மத்தியானம் முக்காலி போட்டு ஏறிக் காமெராவைக் கொஞ்சம் கீழே திருப்பி வைக்க மாட்டாள். வருகிறவரின் முகம் நன்றாக விழ வேண்டும் என்று நான் திருப்பி வைத்தேன். நான் செய்ததிலேயே எழுதக் கூச்சமாக இருப்பது இந்த முக்காலிதான்.

வியாழக்கிழமை மூன்று மணி. மாடியிலுள்ள வக்கீல் ஆபீஸுக்கு எட்டு டீ கேட்டிருந்தார்கள். என் டீயையும் சேர்த்து ஒன்பது கண்ணாடிக் கிளாஸ், கொதிக்கக் கொதிக்க. முதலில் எனக்குக் கொடுத்துவிட்டு மேலே போவதாக ஏற்பாடு. அன்று அவர் சலவை செய்த சட்டை போட்டிருந்தார்; பழகட்டும் என்று முதலாளி கொடுத்த, முன்பக்கத்து ஆட்கள் போடும் சட்டை. கதவுக்கு முன்னால் வந்து, வழக்கம்போலக் கை கைப்பிடிக்குப் போனது. அப்புறம் நின்றார். எழுத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. கூட்டிப் படித்து முடித்ததும் முகம் மலர்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தீர்களா, படித்துவிட்டேன் என்கிற சிரிப்பு. நானும் சிரித்துத் தலையை ஆட்டினேன்.

தள்ளினார். கதவு அசையவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர் அல்லவா, தோளைக் கொடுத்து இன்னும் அழுத்தித் தள்ளினார். தட்டு சாய்ந்தது. அதைப் பிடிக்க ஓரடி பின்னால் வைத்தார், சிந்திய டீயில் கால் வழுக்கியது. ஒன்பது கிளாஸும் அவர்மேலும் தரையிலுமாகப் போக, அவர் கதவடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்த்தேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அவர் நகர்ந்தால்தான் திறக்கும். “தள்ளுங்க தம்பி, தள்ளுங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினேன். ஒதுங்குங்கள் என்ற அர்த்தத்தில்தான் கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, டீ சொட்டும் இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து, உட்கார்ந்தபடியே கதவைத் தள்ளினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். என்ன நடக்கிறது என்று புரியாமல் அவரும் கூடச் சிரித்தார். கண்ணாடியில் பதிந்திருந்த அவர் விரல்கள் சிவந்து, வெடிப்புகளுக்குள் டீ இறங்கிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அவர் ஒருபக்கம் நகர்ந்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். சத்தம் கேட்டு முதலாளியும் ஓடி வந்தார்.

“என்னய்யா இது? ஒரு கதவத் தள்ளணுமா இழுக்கணுமான்னு கூடத் தெரியாதா?”

“எழுத்தப் பாத்துத்தான் முதலாளி தள்ளுனேன்.”

அகலத் திறந்த கதவின் வெளிப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. நான் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். மூடினால் ‘தோலாக்’ என்ற எழுத்து முதலாளியின் முகத்துக்கு நேரே வரும். கை வெந்த மனிதர் தரையில் இருக்க, அவரைத் தூக்காமல் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். முதலாளிதான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, பைப்படிக்குக் கூட்டிப்போய், பிறகு கிளினிக்குக்கும் அழைத்துப்போனார்.

அவர்கள் போனதும் காமெராவில் பதிந்ததைப் பார்த்தேன். பழக்க தோஷம். காமெராவைக் கீழே திருப்பியிருந்ததால் கதவோடு என் கல்லாவும் சேர்ந்து விழுந்திருந்தது. வெளியே அவர் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டுகிறார். உள்ளே ஒரு பொம்பளை கன்னத்தில் கையை ஊன்றிக் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்த எந்தப் படத்திலும் விழப்போகிறவனைத் தவிர வேறு யாரையும் கவனித்ததில்லை. வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறவனின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அசிங்கமாக இருந்தது. அழித்தேன். ‘இன்றைய படம் எங்கே?’ என்று தங்கை கேட்டதற்குப் பதில் போடவில்லை.

பிறகு மெஷினைப் போட்டுப் புது ஸ்டிக்கர் இரண்டு அடித்தேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளியே ‘தாரிக்’, உள்ளே ‘தோலாக்’ என்று சரியாக ஒட்டினேன். இன்னொருத்தர் அடிபடக் கூடாது என்பதற்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை எனக்குத் தெரியும். யாராவது வந்து கதவைப் பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று கை பறந்தது. இரண்டு ஸ்டிக்கரும் ஒட்டி முடிய, நினைத்தபடி ஐந்து நிமிடம்தான் ஆனது.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் வந்தார். வலது கையில் கட்டு. டீ இல்லை. நேராக உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று இடது கை விரலால் எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். பிறகு இழுத்துத் திறந்துகொண்டு வந்தார்.

“தாரிக்னுதான் போட்டுருக்கு” என்றார். “நேத்து நான் இதத் தோலாக்குன்னு படிச்சிட்டேன்க்கா. ரெண்டும் டி-ல ஆரம்பிச்சு கே-ல முடியுது. அஞ்சஞ்சு எழுத்து. நடுவுல உள்ளத நான் சரியாப் பாக்கல.”

இப்போதாவது சொல்லலாம். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இது:

“புதுசுல அப்படித்தான் லா, தம்பி. கண்ணு குழம்பும்.”

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப யோசித்துவிட்டு வந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

“இல்லக்கா. அவ்வளவு பெரிய எழுத்து. ஒண்ணுக்கு ரெண்டு தடவ கூட்டிப் பாத்துட்டுத்தான் தள்ளுனேன். அப்பவும் தப்பாத்தான் படிச்சிருக்கேன். நாளைக்கு மேசையில ஒருத்தர் கோழின்னு காட்டுறத மீன்னு எழுதிட்டா முதலாளி பேரு கெட்டுடும். எனக்கு இந்த எழுத்து வராதுக்கா. நீங்களே முதலாளிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா வேலைக்குச் சோம்பப்பட்டுச் சொல்றேன்னு நெனப்பாரு.”

நோட்டுப் புத்தகத்தைக் கல்லாமேல் வைத்தார். மீதித் தாளில் உங்களுக்குக் கணக்கு ஏதும் எழுத உதவும் என்றார்.

வேண்டாம், இன்னும் பத்து நாள் இருக்கிறது, நாம் படிக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சொன்னது உண்மைதான். ஆனால் அவரைத் திருப்ப ஒரே வரி போதும். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அதைச் சொன்னால், பின்னே ஏன் நேற்றே சொல்லவில்லை, ஏன் யாருக்கும் தெரியாமல் மாற்றினீர்கள் என்று கேட்பார். கேட்காமல் வெறுமனே பார்த்தாலும் போதும். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு மனிதரைத் தன் கண்ணையே நம்பாதவராக்கிவிட்டேன். நேற்று அந்த எழுத்தை அவர் ஒரு பிழையும் இல்லாமல் படித்திருந்தார்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். முதலாளி ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்தார்.

“என்னக்கா, கை ஆறினதும் முன்னுக்குப் போட்டுடலாமா? நேத்து நான் கொஞ்சம் கோவப்பட்டுட்டேன். தட்டு சாயறது எல்லாருக்கும்தான். நீங்க சொல்லுங்க, படிக்கிறாரா?”

அவர் இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனிதர் அவரை முன்னால் போட மனதைத் தயார் செய்து வைத்திருந்தார். என் ஒரு தலையாட்டல்தான் பாக்கி. தலையாட்டினால், ஆனால் அவரே வேண்டாம் என்கிறாரே, ஏன் என்ற பேச்சு வரும். பேச்சு கதவில் வந்து நிற்கும்.

“இன்னும் வரல பாஸ்” என்றேன். “வரும்னு எனக்குத் தோணல.”

“அப்படியா” என்றார் முதலாளி. அவருக்கும் கஷ்டமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. “சரி லா. நீங்க சொன்னா சரிதான்.”

ஒரு வாரம் கழித்துக் கட்டு அவிழ்த்தார்கள். அதன் மறுநாள் மூன்று மணிக்கு அவர் எனக்கு டீ கொண்டு வந்தார். சட்டை முழங்கைவரை நனைந்திருந்தது. விரல் நுனிகள் அதற்குள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. கிளாஸைக் கல்லாமேல் வைத்தார்.

“முதலாளிட்ட நல்லவிதமா எடுத்துச் சொன்னீங்களாமே. கோவிச்சுக்கவே இல்லக்கா அவரு. ரொம்ப நன்றி” என்றார்.

“பரவால்ல தம்பி” என்றேன்.